அம்மான் வீட்டு 190 இ: வாசலில் நிற்கும் பென்ஸைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானாடுகாத்தானில் எங்கள் அம்மான் வீட்டு முகப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய பென்ஸ் நிற்கிறது. பினாங்கில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது சுங்கவரி கட்டிக் கூடவே கொண்டுவந்தார். 1989-இல் வந்த மெர்சிடிஸ் 190 இ, பெட்ரோல் வண்டி. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை காரைக்குடியில் இருக்கும் எனக்கு. கல்யாணம், மணிவிழா, படைப்பு என்று எது நடந்தாலும், வெளியூரிலிருந்து வரும் பங்காளிகளும் அவர்களுடைய டிரைவர்களும் சாப்பிட்டுவிட்டு நேராக இந்த வண்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒருவழியாக எழுதிவைத்துவிட்டேன்.

இது இ கிளாஸா, சி கிளாஸா?

இரண்டும் இல்லை. அந்தப் பெயர்கள் வருவதற்கு முந்தைய வண்டி. கம்பெனிக்குள் இதற்கு டபிள்யூ 201 என்று பெயர். 1982 டிசம்பரில் வெளிவந்தது, 1993 வரை ஜெர்மனியில் ஜின்டெல்ஃபிங்கன், பிரேமன் என்ற இரண்டு ஊர்களில் தயாரானது. மொத்தம் 18 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள். 1993-இல் இதன் இடத்துக்கு வந்ததுதான் முதல் சி கிளாஸ். ஆகவே, சி கிளாஸ் வைத்திருக்கும் தம்பிமார்கள் இதை ஐயா என்று கூப்பிடலாம். அமெரிக்காவில் 'பேபி பென்ஸ்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

எஞ்சின் இரண்டாயிரம் சிசி என்கிறீர்கள். பின்னால் 190 என்று போட்டிருக்கிறதே?

எஞ்சின் 1,997 சிசி. நியாயமாக 200 என்றுதான் போட்டிருக்க வேண்டும். அந்தப் பெயரில் ஏற்கெனவே கொஞ்சம் பெரிய பென்ஸ் ஒன்று (டபிள்யூ 123) கடையில் இருந்தது. மூத்த பேரனுக்கு அப்பச்சி வழி ஐயா பெயரை வைத்துவிட்டால் அடுத்தவனுக்கு வேறு பெயர் தேட வேண்டாமா, அதே கதை. 1950-களில் ஓடிய ஒரு பழைய மாடலின் பெயரைத் தூசி தட்டி எடுத்து இதற்கு வைத்தார்கள். 'இ' என்பது பெட்ரோலை இன்ஜெக்‌ஷனில் செலுத்துவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. கார்புரேட்டர் வைத்த வண்டிக்கு வெறும் 190 என்றுதான் பெயர், அதன் சக்தி 90 குதிரை. இன்ஜெக்‌ஷன் வைத்தது தொடக்கத்தில் 122.

பெரிய பெரிய வண்டியாகச் செய்துகொண்டிருந்தவர்களுக்குச் சின்ன வண்டி ஆசை ஏன் வந்தது?

ஆசை என்பதைவிட நெருக்கடி என்று சொல்ல வேண்டும். ஆசை அதற்கு முன்பே ஒருமுறை வந்து போயிற்று. 1950-களின் கடைசியில் முன்சக்கரம் இழுக்கும் ஒரு சின்ன கார் செய்து பார்த்தார்கள். அப்போது ஆட்டோ யூனியன் கம்பெனி இவர்கள் கையில் இருந்தது. சின்ன கார் விஷயத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். லுட்விக் கிராவுஸ் என்ற பொறியாளர் இங்கே உருவான ஒரு எஞ்சினோடு 1963-இல் அங்கே போனார். பிறகு அந்தக் கம்பெனி ஃபோக்ஸ்வாகனுக்குக் கைமாறி, ஆடி என்ற பெயரில் திரும்ப எழுந்தது. பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டு, அதே பிள்ளை எதிர்க்கடை வைத்ததைப் பார்த்த கதைதான் இது.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, மேற்கு ஜெர்மனியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அதற்கு அடுத்த மாதமே, 1974 ஜனவரியில், இந்தச் சின்ன பென்ஸின் வேலை தொடங்கியது. அப்புறம் 1975-இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஒரு கம்பெனி அங்கே விற்கும் எல்லாக் கார்களின் சராசரி மைலேஜும் 1985-க்குள் கேலனுக்கு 27.5 மைலைத் தொட வேண்டும். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர். பெரிய எஸ் கிளாஸை மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் சராசரி எங்கே ஏறும்? அதே 1975-இல் பிஎம்டபிள்யூ தன் முதல் 3 சீரிஸை இறக்கிவிட்டது. படித்துச் சம்பாதிக்கும் இளைஞர்கள் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். ஆகப் பின்னால் சட்டம், முன்னால் போட்டி.

1974-இல் ஆரம்பித்து 1982-இல் வெளியிட்டார்கள் என்றால், எட்டு வருடம் அப்படி என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். கேட்பவர்களைச் சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை என்று குனியவைத்துப் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்துக் காட்டுவேன். என்னைக் கேட்டால், எட்டு வருடத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு சின்ன காரில் பெரிய சிக்கல் அதன் எடையே. வண்டி காலியாக ஏறக்குறைய 1,100 கிலோ. அதில் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் எடை ஒரேயடியாக மாறிவிடும். பெரிய காருக்கு அதே ஐந்து பேர் அவ்வளவு பாரமில்லை. காலியாக ஓடும்போது குலுக்காமல் இருக்க ஸ்பிரிங் மெத்தென்று இருக்க வேண்டும். ஆள் ஏறியதும் வண்டி உட்கார்ந்து, சக்கரம் கோணலாகத் திரும்பிவிடவும் கூடாது. அதுவரை பென்ஸ் பயன்படுத்திய பின் ஆக்சிலில், ஒவ்வொரு சக்கரத்தையும் சாய்வான ஒரே கை பிடித்துக்கொண்டிருக்கும். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் லேசாகத் திசை மாறும், வால் வெளியே வீசும்.

அதற்குப் பல விதமான அமைப்புகளைச் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பிடித்தது, ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஐந்து தனித்தனி லிங்க், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைகள். ஏன் ஐந்து? வெளியில் எதிலும் மாட்டாத ஒரு பொருள் ஆறு விதமாக அசையலாம்: முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ், அப்புறம் மூன்று விதமான சுழற்சி. ஒவ்வொரு லிங்க்கும் அதில் ஒன்றைக் கட்டிப்போடும். ஐந்தைக் கட்டிவிட்டால் மிச்சம் ஒரே ஒரு அசைவு, மேலும் கீழும். அதுதானே சக்கரத்துக்கு வேண்டியது. ஐந்து பேர் ஐந்து பக்கம் வடம் பிடித்தால் தேர் போகவேண்டிய வழியில் மட்டும்தான் போகும். ஐந்தின் நீளத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. அந்த உழைப்பு வீண்போகவில்லை. பின்னால் வந்த டபிள்யூ 124 என்ற பெரிய பென்ஸ், முதல் சி கிளாஸ் எல்லாவற்றிலும் இதே அமைப்பு. சின்ன வண்டிக்காகக் கண்டுபிடித்ததைப் பெரிய வண்டிகள் எடுத்துக்கொண்டன. வழக்கமாக நடப்பது இதற்கு நேர் எதிர்.

அந்த ஐந்து லிங்க் நம் ஊர் சாலைக்குத் தாங்குமா?

லிங்க் தாங்கும். அதன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைச் சரியாக மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும். நான் இதில் காசு கொடுத்துப் பாடம் படித்தவன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பட்டறையில் பின்பக்கப் புஷ் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். வேலை பார்த்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் முடுக்கிவிட்டார். இந்தப் புஷ்ஷில் ரப்பர், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். அது வழுக்கிச் சுற்றாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும். ஆறு மாதத்தில் பாதி புஷ் கிழிந்தது, இரண்டு பின் டயர்களும் உள்பக்கமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது. மறுபடி மாற்றும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, வண்டியின் எடையைச் சக்கரத்தின்மேல் இறக்கி, இரண்டு முறை மேலும் கீழும் அமுக்கிவிட்டு, அப்புறம்தான் முடுக்கவிட்டேன். அதிலிருந்து இன்றுவரை தொல்லையில்லை.

பின்னால் வருவதைப் பார்க்கும் இடது பக்கக் கண்ணாடி வேறு அளவில் இருக்கிறதே, எங்கேயாவது இடித்து மாற்றிவிட்டீர்களா?

வாரம் ஒருவராவது கேட்பார். இல்லை, இரண்டும் கம்பெனியில் வந்தபடியேதான் இருக்கின்றன. ஓட்டுபவர் பக்கக் கண்ணாடி அகலம், மறுபக்கத்தது கொஞ்சம் சதுரம். ஓட்டுபவரின் கண்ணுக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கும் உள்ள தூரமும் கோணமும் ஒன்றல்ல. பிறகு எதற்கு இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் இதை வடிவமைத்தவர்கள். பார்க்க ஒருமாதிரி இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

வைப்பர் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று எங்கே?

ஒன்றேதான். நடுவிலிருந்து முன் கண்ணாடியின் பெரும்பகுதியைத் துடைக்கும். ஐப்பசி மழையில் அது வீசுவதைப் பார்க்கவேண்டும், குழந்தைகள் பின் சீட்டிலிருந்து எழுந்து நின்றுவிடுவார்கள்.

பின் விளக்கில் வரி வரியாக மேடு பள்ளம் இருப்பதும் அழகுக்கு இல்லை. மேட்டில் அழுக்குப் படியும், பள்ளத்தில் அவ்வளவாகப் படியாது, வெளிச்சம் தெரியும். ஆத்தங்குடி போய்வந்தால் செம்மண் அப்பிக்கொண்டு வரும். அன்றைக்குப் பார்த்தால் புரியும்.

வடிவத்தை வரைந்தது யார்? டிக்கி ஏன் இவ்வளவு தூக்கலாக இருக்கிறது?

அப்போது பென்ஸின் வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ. இத்தாலியில் ஊதினே என்ற ஊரில் 1933-இல் பிறந்தவர். 1975-இல் அந்தப் பொறுப்புக்கு வந்து, 1999 வரை இருந்தார். 2024-இல் காலமானார். அவர் இரண்டு விதி வைத்திருந்தார். ஒரே காலத்தில் கடையில் நிற்கும் பென்ஸ்கள் எல்லாம், சிறிதோ பெரிதோ, ஒரு குடும்பமாகத் தெரிய வேண்டும். புதிதாக வரும் வண்டி, நேற்று வாங்கிய வண்டியைப் பழசாக்கிவிடக் கூடாது.

இரண்டாவது விதியை எங்கள் தெருவில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய வீடு ஒன்று. அதற்குப் பக்கத்தில், 1930-களில் கட்டிய வீடு. பின்னதில் ஆர்ட் டெகோ சாயல் புகுந்திருக்கிறது, கம்பி வேலைப்பாடெல்லாம் வேறு. ஆனாலும் அதே முகப்பு, அதே வளவு (உள்முற்றம்). புது வீடு வந்ததால் பழைய வீடு கூனிப்போகவில்லை. எண்பதுகளில் வந்த பல கார்களை இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. இந்த வண்டியைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, 'என்ன வருடம்?' என்றுதான் கேட்கிறார்கள்.

டிக்கி தூக்கலாக இருப்பதற்குக் காரணம் காற்று. பின்பக்கம் உயர்ந்து, அதேசமயம் பக்கவாட்டில் குறுகிக்கொண்டே போனால், வண்டியை விட்டுப் பிரியும் காற்று பின்னால் அதிகம் சுழலாது. காற்றுத் தடைக் கெழு (குறைய குறைய நல்லது) 0.33. அந்தக் காலத்தில் நான்கு கதவு வைத்த ஒரு பெட்டி வண்டிக்கு இது நல்ல எண். டிக்கியில் சாமான் ஏற்றும்போது இடுப்பு வலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கதவின் கீழ்ப்பாதியில் இருக்கும் அகலமான பிளாஸ்டிக் பட்டைகள் 1988-இல் வந்தவை. ஜெர்மன்காரர்கள் அவற்றை 'சாக்கோ பலகை' என்று கிண்டலடிப்பார்கள். எனக்கு அவை இல்லாத பழைய வண்டிதான் அழகு. அம்மான் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பின் சீட்டில் முழங்கால் இடிக்கிறதே! இதற்கு அம்பாசடர் தேவலாமே?

ஆச்சிமார்களின் புகார் இது, முழுக்க நியாயமானது. இந்த வண்டியின் உண்மையான குறை இதுதான். வெளிவந்த காலத்தில் ஜெர்மனியிலும் இதையே சொன்னார்கள். 1988-இல் உள்பக்கத்தை மாற்றிக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். நம்முடையது அதற்குப் பிந்தையது, அப்படியும் இவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அம்பாசடரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான நீளம் 2,464 மில்லிமீட்டர்தான். இதற்கு 2,665. நீளம் இங்கேதான் அதிகம். அம்பாசடரில் நாற்காலியில் உட்காருவதுபோல் உயரமாக, கால் கீழே தொங்க உட்காருகிறோம். இதில் கூரை தாழ்வு, காலை முன்னால் நீட்ட வேண்டியிருக்கிறது. காற்றுக்காகக் கூரையைத் தாழ்த்தினார்கள், அதன் விலையை நம் முழங்கால் கொடுக்கிறது.

கியருக்குப் பக்கத்தில் இருக்கும் மரம் பர்மா தேக்கா?

இல்லை. ஜீப்ரானோ என்ற ஆப்பிரிக்க மரம், அதுவும் மெல்லிய தகடு. வீட்டுத் தூண்தான் பர்மா தேக்கு.

இது ரேஸ் ஓடிய வண்டியாமே?

இதே வண்டி இல்லை, இதன் தம்பி. இங்கிலாந்தின் காஸ்வொர்த் கம்பெனியோடு சேர்ந்து 16 வால்வு வைத்த சிலிண்டர் ஹெட் செய்து, 190 இ 2.3-16 என்று ஒன்றை 1983-இல் வெளியிட்டார்கள். அதன் சக்தி 185 குதிரை. அதே வருடம் ஆகஸ்டில், இத்தாலியில் நார்தோ என்ற இடத்தில் இருக்கும் வட்டப் பாதையில் 50,000 கிலோமீட்டர் ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 247.939 கிலோமீட்டர். பெட்ரோல் போடவும், டயர் மாற்றவும், ஆள் மாறவும் நிறுத்திய நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. எட்டு நாளுக்கு மேல் இரவும் பகலும் ஓடியிருக்கிறது.

1984 மே 12 அன்று, ஜெர்மனியில் நூர்பர்க்ரிங்கின் புதிய பாதையைத் திறந்தபோது, பேர்பெற்ற ஓட்டக்காரர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி 2.3-16 கொடுத்துப் போட்டி வைத்தார்கள். நிக்கி லவுடாவே இரண்டாவதாகத்தான் வந்தார். ஜெயித்தவர் அந்த வருடம்தான் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்திருந்த ஒரு பிரேசில் பையன், பெயர் அயர்ட்டன் சென்னா. வண்டி ஒன்றுபோல் இருந்ததால், வித்தியாசம் கையில்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

கடைசியில் 1990-இல் பெரிய இறக்கை வைத்து எவல்யூஷன் 2 என்று 502 வண்டி மட்டும் செய்தார்கள். 1992-இல் கிளாவுஸ் லுட்விக் டிடிஎம் என்ற ஜெர்மன் கார் பந்தயப் பட்டத்தை வென்றது இந்த வகை வண்டியில்தான். நம்முடையதில் இறக்கையெல்லாம் கிடையாது. அம்மான் ஐம்பதைத் தாண்டினாலே 'மெதுவாப் போப்பா' என்பார்.

டீசல் வந்ததா?

1983-இல் வந்தது. எஞ்சினைச் சுற்றிச் சத்தம் அடக்கும் மூடி போட்டிருந்தார்கள், அதனால் 'கிசுகிசு டீசல்' என்று பெயர். 72 குதிரை. மலையில் ஏற்றினால் பொறுமை வேண்டும்.

இதை எலெக்ட்ரிக்காக மாற்றிவிடலாமே?

கிண்டலாகக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கம்பெனியே மாற்றியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் சோடியம், நிக்கல் குளோரைடு பேட்டரி வைத்த 190-களைச் செய்து, 1992 முதல் ஜெர்மனியின் வடக்கே ரூகன் என்ற தீவில் சோதனைக்கு ஓடவிட்டார்கள். அந்தப் பேட்டரியின் உள்பக்கம் சுமார் 300 டிகிரி சூட்டிலேயே இருந்தால்தான் வேலை செய்யும், அதை எப்போதும் சூடாக வைத்திருப்பதே ஒரு வேலை.

பேட்டரிக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி, இன்றைக்கும் பேட்டரி ஆராய்ச்சிதான் செய்கிறது. வண்டியைச் சர்வீஸுக்குக் கொண்டுபோகும்போது அதன் வாசல் வழியாகத்தான் போவேன். அதற்காக இந்த எஞ்சினைக் கழற்றச் சொன்னால் முடியாது.

பாகங்கள் கிடைக்கிறதா? என்ன மைலேஜ்?

இந்த மாடலை இந்தியாவில் தயாரிக்கவே இல்லை. பென்ஸ் 1995-இல் புனேயில் செய்ய ஆரம்பித்தது இதன் அண்ணன் டபிள்யூ 124-ஐ. அதனால் இரண்டுக்கும் பொதுவான சில பாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் சிக்கும். கண்ணாடி, பீடிங், உள்பக்கப் பிளாஸ்டிக் போன்றவற்றுக்கு மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள்தான் கதி. யாராவது பினாங்கிலிருந்து வருகிறார்கள் என்றால், மற்றவர்கள் மைலோ டின் கேட்பார்கள், நான் விளக்குக் கண்ணாடி கேட்பேன்.

மைலேஜ், ஊருக்குள் ஏழு, திருச்சி சாலையில் பத்து, பத்தரை. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறிப்போகும் என்று பயந்து, எரிபொருள் போகும் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டேன். இதே வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

கொடுப்பீர்களா? என்ன விலை?

என்னிடம் கேட்டுப் பயனில்லை. அம்மான் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பார், அவரிடமே கேளுங்கள். இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் காபியும் இரண்டு பணியாரமும் கிடைத்திருக்கிறது.